ஓர நிரை

எங்கள் தேயிலைத் தோட்டம் இரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகிற பாதையில் இருக்கிறது. கொழுந்து எடுக்கும் பெண்களின் குழுவுக்கு முதன்முதலாக ஒரு பெண்ணைக் கங்காணியாகப் போட்டபோது, அது என் அக்காவாக இருந்தது. தோட்டத்துக் கோயிலில் செபம் நடத்துவதும் அவள்தான். மாத்தளையிலிருந்து பாதர் மாதத்துக்கு ஒருமுறைதான் பூசை வைக்க வருவார். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் வாசகம் வாசித்து, மன்றாட்டுச் சொல்லி, பாட்டு எடுத்துக் கொடுப்பது எல்லாம் அக்கா. ஆறு நாள் மலையில் எங்களை நடத்தினாள், ஏழாம் நாள் கோயிலில் நடத்தினாள். எனக்கு மட்டும் வீட்டிலும் அவள்தான் தலைவி, ஏனென்றால் அம்மா செத்த பிறகு என்னை வளர்த்தவள் அவள். கல்யாணம் கட்டவில்லை. அவளுக்குச் சொந்தம் என்று சொல்ல இந்த உலகத்தில் நான் ஒருத்திதான்.

அவளுக்கு முன்னால் இருந்த கங்காணியைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். அவர் தன் பெண்சாதி, கொழுந்தி, மச்சான் வீட்டுப் பெண்கள் எல்லாரையும் மலையின் நடுவில் விடுவார். நடுவில் செடி அடர்த்தி, தரை சமம், கொழுந்து கைக்குத் தானாக வரும். வேண்டாதவர்களை ஓடைப்பக்கம் தள்ளுவார். அங்கே சரிவு, அட்டை, சவுக்கு மரத்து நிழலில் செடி வளராமல் நோஞ்சானாக நிற்கும். ஆளுக்கு ஒரு நிரை என்று தேயிலைச் செடிகளின் வரிசையைப் பிரித்துக் கொடுப்பது கங்காணியின் வேலை. நாளின் தலையெழுத்து அந்த ஒரு நிமிடத்தில் முடிவாகிவிடும். வேலியே பயிரை மேய்ந்த காலம் அது. கேட்கப் போனால் நாளைக்கும் ஓடைப்பக்கம்தான்.

அக்கா கங்காணியான முதல் நாள் காலையில், பேர் பதிகிற பெரட்டுக் களத்திலிருந்து எல்லாரும் மலைக்கு ஏறினோம். குழுவில் பாதிக்கு மேல் சாமி கும்பிடுகிற இந்துச் சனம். வேதக்காரி என்ன செய்யப் போகிறாளோ என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். அக்கா முதலில் என்னைத்தான் கூப்பிட்டாள்.

"நீ ஓரத்துக்குப் போ."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஓடைப்பக்கத்து ஓர நிரைக்குப் போனேன். அன்று மாலை லயத்து வரிசை வீட்டில் அடுப்பை ஊதிக்கொண்டே அவள் கேட்டாள்.

"கோவமாடி?"

"இல்லக்கா."

"என் ஆள நடுவுல விட்டா நாளைக்கு ஒருத்தியையும் என்னால வா போன்னு சொல்ல முடியாது. தலைவியா இருக்கிறவ கடைசியில நிக்கணும். சுவிசேஷத்துல அதத்தான் சொல்லியிருக்கு."

கடைசியில் நின்றது அவளில்லை, நான்தான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால் பெருமையாக இருந்தது. ஒரு வருடம், ஒன்றரை வருடம் அந்தப் பெருமையிலேயே அட்டைக்கடியைச் சொறிந்துகொண்டு ஓட்டினேன். 'கங்காணியம்மா மாதிரி நேர்மையான ஆள் கிடைக்குமா' என்று பெண்கள் சொல்லும்போது, அதில் ஒரு பங்கு எனக்கும் உண்டு என்று நினைத்துக்கொள்வேன். அக்கா மலையில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ஓரம், கேக்குதா? ஓரம், மூட்டையக் கொண்டா" என்பாள். மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். போகப்போக எல்லாருக்குமே நான் ஓரம் ஆகிவிட்டேன்.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். அக்கா அதைத் தலைகீழாகச் செய்கிறவள். அதில் தப்பில்லை. ஆனால் பந்தியில் பிந்தும்போதெல்லாம் என் கையையும் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டாள். நத்தார் பண்டிகைக்குக் கோயிலில் கேக் பங்கிடும்போது தட்டு எங்கள் வரிசைக்கு வருவதற்குள் தூள்தான் மிஞ்சும். பாஸ்கா காலத்தில் பாதையோரத்தைச் செதுக்க ஆள் வேண்டுமென்றால் முதல் பெயர் என்னுடையது. இதெல்லாம் சின்ன விஷயம், சிரித்துக்கொண்டே கடந்துவிடலாம்.

வீட்டு விஷயம் சின்னது இல்லை. லயத்து ஆட்களுக்குத் தனி வீடு கட்டிக் கொடுக்கும் திட்டம் எங்கள் தோட்டத்துக்கும் வந்தது. யாருக்கு முதலில் என்று முடிவு செய்யும் குழுவில் அக்காவையும் போட்டார்கள். அவள் தன் பெயரைச் சேர்க்கவேயில்லை. என் பெயரைக் கடைசியில் சேர்த்தாள். என் பெயர் வருவதற்குள் வீடு முடிந்துவிட்டது. இரத்தோட்டையில் த்ரீவீலர் ஓட்டுகிற என் வீட்டுக்காரர் இரண்டு நாள் சாப்பிடாமல் கத்தினார்.

"ஒங்கக்கா மோட்சத்துக்குப் போறதுக்கு நாம ஒழுகுற கூரைக்குக் கீழ படுக்கணுமா?"

அப்போதும் நான் அக்காவுக்காகத்தான் பேசினேன். ஆனால் அந்த மழைக்காலத்தில் கூரை ஒழுகிய இடத்தில் சட்டியை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது ஒன்று புரிந்தது. தன்னைக் கொடுப்பது வேறு, தன்னுடையவளைக் கொடுப்பது வேறு. இரண்டையும் ஒரே பெயரில் கூப்பிடுகிறோம். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பொறாமைக்காரி என்பார்கள்.

பிறகு குளவி வந்தது.

மழை விட்டு நல்ல வெயில் அடித்த காலை. ஓடைக்கு மேலே சவுக்கு மரத்தில் இருந்த கூட்டில் ஏதோ பருந்து மோதியது என்று பிறகு சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. முதலில் ஒரு இரைச்சல் மட்டும் கேட்டது, லொறி ஏற்றம் ஏறுகிறது என்று நினைத்தேன். அடுத்த நிமிடம் முகத்தில், கழுத்தில், தலைமயிருக்குள் நெருப்பு. இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலையில் போட்டுக்கொண்டு செடிக்கு அடியில் விழுந்தேன். விழுந்தபடி "அக்கா" என்று கத்தினேன். எத்தனை முறை என்று தெரியாது.

அவள் மேலே பாதையில் நின்றாள். அவள் குரல் எனக்கு நன்றாகக் கேட்டது. ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். எழும்பு, ஓடு, தலைய மூடு, இந்தப் பக்கம் வா. நடு நிரைகளில் இருந்தவர்களின் பெயர்கள், பிறகு மேல் நிரைகள். குரல் என்னைவிட்டுத் தள்ளித் தள்ளிப் போனது. என் பெயர் வருமா என்று கேட்டுக்கொண்டே கிடந்தேன். பெயரும் வரவில்லை, ஓரம் என்றும் கூப்பிடவில்லை.

கடைசியில் வந்தாள், அதையும் சொல்ல வேண்டும். அவள் முகமும் வீங்கியிருந்தது. என்னை முதுகில் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஏறியது அவள்தான். இரத்தோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மாத்தளைக்கு அனுப்பினார்கள். கண் திறந்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் அக்கா நின்றாள்.

"எல்லாரும் இருக்காங்க. ஒருத்தருக்கும் உசுருக்கு ஒண்ணுமில்ல" என்றாள்.

"ம்" என்றேன்.

பாதர் வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் அதைச் சொன்னார். சொந்தத் தங்கையைக் கடைசிக்கு விட்டு மற்றவர்களைக் காப்பாற்றிய பெண் நம் நடுவில் இருக்கிறாள், தலைமை என்றால் இதுதான் என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். சனமெல்லாம் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. பரிசு வாங்கியவளின் பக்கத்து வீட்டுக்காரியைப் பார்க்கிற சிரிப்பு. ஒரு கண் இன்னும் சரியாகத் திறக்காமல் நான் எழுந்து நின்று மற்றவர்களோடு விசுவாசப் பிரமாணம் சொன்னேன்.

அன்றைக்குத்தான் அது தொடங்கியது என்று நினைக்கிறேன். கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி உள்ளே எல்லாம் தடித்துப்போய்விட்டது. சமைத்தேன், வேலைக்குப் போனேன், தலைவாரினேன். யாராவது குழந்தையைக் கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன், திருப்பிக் கொடுப்பேன். வீட்டுக்காரர் ஒரு தடவை, "நீ இங்கதான் இருக்கியா?" என்று கேட்டார். இருக்கிறேன் என்றேன்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன். ஓடையில் தண்ணீர்ச் சத்தம், குளவி இரைச்சல், பெண்களின் கூச்சல். இதில் நான் கத்தியது அக்காவுக்குக் கேட்டிருக்காது. கேட்டிருந்தால் வந்திருப்பாள். கேட்காதவரை அவள் என் அக்கா. கேட்டும் வராதிருந்தால் அவள் வெறும் கங்காணி, எனக்கு யாருமில்லை. ஒரே சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நாங்கள் குடியிருந்தோம், தினமும் கறி மாற்றிக்கொண்டோம், இதை மட்டும் நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

அக்காவுக்கு வயது ஆகி, வேலைப் பதிவிலிருந்து பேர் வெட்டினார்கள். அடுத்த கங்காணி யார் என்று மலைக்குப் பொறுப்பான ஐயா கேட்டபோது, குழுவில் எல்லாரும் என்னைக் காட்டினார்கள்.

"அவங்க தங்கச்சிதானுங்க. அதே ரத்தம். நாயம் தவறாது" என்றாள் எங்கள் குழுவிலேயே பெரிய உருவமுள்ள பெண். பெரியவள் என்றுதான் அவளைச் சொல்வோம், அவளைக் கண்டால் அட்டைகூட ஒதுங்கும் என்று நாங்கள் கேலி செய்வோம்.

சரி என்றேன். முடியாது என்று சொன்னால் காரணம் சொல்ல வேண்டும். கோயிலிலும் அதே கதை. அக்காவுக்குக் கண் மங்கிவிட்டது, வாசகம் வாசிக்க நான் ஏறினேன். பீடத்துக்கு முன்னால் நின்று மற்றவர்களுக்காக மன்றாடினேன். சொற்கள் நல்ல சொற்கள். வாயிலிருந்து வந்தன, எங்கிருந்து வந்தன என்று தெரியவில்லை. உள்ளே ஒன்றுமே இல்லாதவள் மற்றவர்களைச் செபத்தில் நடத்தலாமா என்று பாதரிடம் கேட்க நினைத்தேன், அவருக்கு அடுத்த தோட்டத்துப் பூசைக்கு நேரமாகிவிட்டது.

மலையில் எனக்கு ஒரு சௌகரியம் இருந்தது. குழுவில் எனக்குச் சொந்தம் யாருமில்லை. ஓர நிரையை முறை வைத்து, இன்றைக்கு நீ, நாளைக்கு அவள் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தேன். முறை வந்தவள் முகத்தைச் சுளிப்பாள், போவாள். யாரும் குறை சொல்லவில்லை. அக்காவைவிட நான் கெட்டிக்காரி என்றுகூடச் சிலர் சொன்னார்கள். அதைக் கேட்டும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

இந்த வருடம் ஒரு காலையில் அக்கா பெரட்டுக் களத்தில் வந்து நின்றாள். இடுப்பில் படங்கு, தோளில் பை, காலில் பழைய செருப்பு.

"வீட்டுல குந்திக்கிட்டிருந்தா பைத்தியம் புடிச்சிரும் போல இருக்கு. ஐயாகிட்ட சொல்லிட்டேன், கைக்காசு வேலைக்கு எடுத்துக்கிறேன்னாரு" என்றாள்.

அன்றாடக் கூலிக்கு வருகிற ஆள் என்று அர்த்தம். அதாவது என் குழுவில் ஒருத்தி. பெண்களுக்குக் கொண்டாட்டம். பெரியவள் அக்காவைக் கட்டிப் பிடித்து, "வாங்க வாங்க, இப்ப தங்கச்சி ஏசுனா தெரியும் ஒங்களுக்கு" என்றாள். எல்லாரும் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். அன்றைக்கு எங்களுக்கு விழுந்தது குளவி கொட்டிய அதே மலை.

நான் நிரை பிரிக்கத் தொடங்கினேன். ஓரம் அன்றைக்குப் பெரியவளின் முறை. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா ஓடைப்பக்கம் நடந்துவிட்டாள்.

"அம்மா, அது என் மொறைங்க" என்று பெரியவள் பின்னாலேயே போனாள்.

"நீ போடி நடுவுக்கு. கங்காணிக்கு அக்கா நான். எனக்குத்தான் ஓரம்."

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. கோயிலில் அன்றைக்குத் திரும்பிப் பார்த்த அதே சிரிப்பு. பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவள் போட்ட சட்டத்தை அவளுக்கே நான் நடத்துகிறேனா என்று. நான் அடுத்தவளின் பெயரைக் கூப்பிட்டேன்.

தேத்தண்ணிக்கு உட்கார்ந்தபோது அக்கா ஓடையோரத்துக் கல்லில் என் பக்கத்தில் வந்து குந்தினாள். மற்றவர்கள் மேலே பாதையில் இருந்தார்கள். ரொட்டியை இரண்டாகப் பிய்த்தாள், பெரிய பாதியை என் பக்கம் தள்ளினாள். அவள் குதிகாலில் அட்டை ஒன்று கொழுத்துத் தொங்கியது. என் பையில் இருந்த சவர்க்காரத் துண்டை எடுத்துத் தேய்த்தேன்.

"ஓடையில சத்தமே இல்ல" என்றாள்.

"மழ இல்லையே."

"அன்னிக்கு இருந்திச்சு."

"இருந்திச்சு."

அட்டை விழுந்தது. அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"ஆனா நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு."

நான் குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மொத சத்தமே ஒன் சத்தந்தான். மத்தவங்க கத்துனதெல்லாம் அதுக்குப் பொறகுதான் காதுல ஏறிச்சு."

"அப்ப ஏன் வரல?"

சந்தையில் முட்டைக்கோவா என்ன விலை என்று கேட்பது போலத்தான் கேட்டேன். எனக்கே என் குரல் அப்படித்தான் கேட்டது.

"ஆண்டவர நெனச்சேன்னு சொல்லத்தான் ஆச. பாதர் அப்படித்தான் சொன்னாரு. ஆண்டவர நெனக்கல. அவளுங்க எல்லாம் பாக்குறாளுங்களேன்னு நெனச்சேன். ஒன்ன மொதல்ல தூக்குனா, இத்தன வருசம் செஞ்சதெல்லாம் பொய்னு ஆயிருமேன்னு. அந்த நேரத்துல அதத்தான் நெனச்சேன்." கையிலிருந்த ரொட்டியைப் பிய்த்தாள். "பாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன். ஒன்கிட்டதான் சொல்லல."

இத்தனை நாள் எதற்குப் பயந்தேனோ அது வந்துவிட்டது. இப்போது உடையும் என்று காத்திருந்தேன். எதுவும் உடையவில்லை. அவள் குதிகாலிலிருந்து ரத்தம் நிற்காமல் வழிந்தது, அட்டை கடித்தால் அப்படித்தான். படங்கின் நுனியால் துடைத்தேன். அந்தக் காலில் வெடிப்பு அதிகமாகியிருந்தது.

"தேத்தண்ணி ஆறுது, குடி" என்றேன்.

குடித்தாள். எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மறுபடி ஓரத்துக்கு நடந்தாள். மேலே பெண்களும் எழுந்து தங்கள் நிரைகளில் இறங்கினார்கள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சரிவில் ஒரு கால் வழுக்கி, செடியைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அங்க போகாத" என்றேன்.

சத்தமாகத்தான் வந்துவிட்டது. எல்லாரும் நின்றார்கள்.

அவள் திரும்பினாள். "பின்ன யாரு போறது?"

"யாரும் போக வேணாம்."

"கொழுந்து முத்திப் போகுமே."

"முத்தட்டும்."

அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. இத்தனை வருடம் அந்த ஓரத்துக்கு யாரை அனுப்புவது என்றுதான் அவள் யோசித்தாள். வேண்டாதவளையா, வேண்டியவளையா. நானும் என் பங்குக்கு முறை வைத்து எல்லாரையும் அனுப்பினேன், அதற்கு நியாயம் என்று பெயர் வைத்தேன். ஒருத்தியையும் அனுப்பாமல் விடலாம் என்று செபம் சொல்லுகிற எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அக்கா ஏறி வந்து நடுவில் பெரியவளுக்குப் பக்கத்து நிரையில் நின்றாள். என் சொல்லுக்கு அவள் கீழ்ப்படிந்தது அதுதான் முதல் தடவை.

மத்தியானம் ஐயா மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

"அந்த நிர ஏன் அப்படியே நிக்குது?"

"குளவி இருக்குங்கய்யா."

அவர் சவுக்கு மரத்தை அண்ணாந்து பார்த்தார். "கூட்டக் காணோமே?"

"இருக்கும்ங்க."

கூடு இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. ஐயா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு பெண்களைப் பார்த்தார். ஒருத்தியும் தலை நிமிரவில்லை, எல்லாரும் மும்முரமாகக் கொழுந்து எடுத்தார்கள். தோட்டத்துத் துரைக்கு என்ன சொல்வது என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். அதற்கு நாளைக்கு நான் பதில் சொல்ல வேண்டிவரும். வேலை போனாலும் போகலாம். அதை நினைத்தும் பயம் வரவில்லை, இந்த மரத்துப்போனதில் அப்படி ஒரு லாபம் இருக்கிறது.

மாலையில் கொழுந்து நிறுக்க மடுவத்துக்கு இறங்கினோம். ரிவர்ஸ்டன் பக்கமிருந்து மூடுபனி இறங்கி, முன்னால் போகிறவளின் மூட்டை மட்டும்தான் தெரிந்தது. நான் எல்லாருக்கும் பின்னால் வந்தேன். கங்காணி அப்படித்தான் வர வேண்டும், ஆள் விடுபடக்கூடாது. முன்னால் எங்கோ அக்கா நின்றிருக்க வேண்டும். அவள் குரல் வந்தது. என் பெயர். ஓரம் இல்லை, ஞானஸ்நானத்தில் வைத்த பெயர், அம்மா கூப்பிட்ட பெயர். மலையில் அதை அவள் வாயால் நான் கேட்டதேயில்லை. யாருடைய பெயரையும் கூப்பிடுவதற்கு முன்னால் அதைக் கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள்.

படங்கின் நுனியால் கண்ணைத் துடைத்தேன்.

"கேக்குதாடி?" என்றாள் பனிக்குள்ளிருந்து.

கேட்டது.